உட்கார ஒரு ஸ்டூல்

நான்கு வருடத்துக்கு முன்பு, திருவனந்தபுரத்தில் பழவங்காடிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில், சேலைப் பிரிவில் நின்றுகொண்டிருந்தேன். நின்றுகொண்டிருந்தேன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் நின்றால் கடை அடைக்கும்வரை நிற்பதுதான். கடை ஊழியர்கள் உட்கார வசதி செய்து தரவேண்டும் என்று கேரளத்தில் சட்டமே வந்துவிட்டது. எங்கள் மேனேஜர் காதுக்கு மட்டும் அது எட்டவில்லை.

எனக்கும் யூனியனுக்கும் ஆகாது. நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவ விசுவாசக் குடும்பம் எங்களுடையது. முதலாளிக்குக் கீழ்ப்படி, கொடி பிடிக்கிறவர்களோடு சேராதே என்று கேட்டே வளர்ந்தேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நானாக வேறு சேர்த்துக்கொண்டேன். நாங்கள் சேச்சி என்று கூப்பிடும் யூனியன் அக்கா நோட்டீஸோடு வந்தால், மடித்த சேலையையே மறுபடி மடிக்க ஆரம்பித்துவிடுவேன்.

பக்கத்துக் கவுன்டரில் நின்றவள் கரமனையிலிருந்து வந்துபோகிற பெண். ஆறு மாதக் கர்ப்பிணி. ஒரு சனிக்கிழமை மதியம் தலைசுற்றி, சரக்கு வந்த அட்டைப்பெட்டிமேல் ஐந்து நிமிடம் உட்கார்ந்தாள். மேனேஜர் பார்த்துவிட்டார். வேலை நேரத்தில் தூங்கினாள் என்று எழுதி, திங்கட்கிழமை முதல் வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார். அழுதுகொண்டே போனாள்.

சாயங்காலம் சேச்சி நேரே என்னிடம் வந்தார்.

"லேபர் ஆபீஸ்ல பராதி குடுக்கப் போறோம். அவ தூங்கல்லன்னு நீ கண்டதல்லே? ஒரு ஒப்பு இட்டாப் போதும்."

"யூனியன் காரியத்துக்கு நான் வரமாட்டேன் சேச்சி. அவளுக்காக ஜெபம் பண்ணுதேன்."

"பண்ணிக்கோ. வயித்துல கிடக்கிற பிள்ளைக்கும் சேத்துப் பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சுருக்கென்றது. ஆனாலும் நான் அசையவில்லை.

மறுநாள் ஞாயிறு, எங்கள் சபையில் ஆராதனை முடிந்து பெண்கள் ஜெபக்கூட்டம். அவரவர் வேண்டுதலைப் பேர் போடாமல் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவோம். போதகரம்மா ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிப்பார். நானும் என் கால்வீக்கத்தை எழுதிப் போட்டிருந்தேன். மாதக்கணக்காக அதையேதான் எழுதுகிறேன்!

போதகரம்மா வாசித்தார். கால்வீக்கம். அடுத்தது குதிகால் வலி. அடுத்தது நரம்பு சுருண்டு வலி. மறுபடியும் கால்வீக்கம். ஆறாவது சீட்டில் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"இதுல எத்தன பேரு கடையில வேல பாக்கிய?"

கைகள் உயர்ந்தன. ஆறு பேரும் கடையில் நிற்கிறவர்கள்தான்.

"இருக்க ஒரு ஸ்டூல் உண்டுமா?"

இல்லையென்று ஆறு தலைகள் அசைந்தன. எனக்கு மட்டும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எழுந்து, கரமனைப் பெண்ணுக்கு நடந்ததையும், நான் கையெழுத்துப் போட மறுத்ததையும் சொல்லிவிட்டேன்.

"மக்களே, ஓய்வு வேணும்னு சொன்னவரே ஆண்டவருதான். அந்த ஓய்வுநாள் கட்டளையில வேலைக்காரிக்கும் பங்கு வச்சாரு. அத கேட்டு வாங்குதவங்க கூட நிக்கதுல என்ன பாவம்? ஜெபத்த நாங்க பாத்துக்கிடுதோம். கண்ணால கண்டவ நீ. போய்ச் சொல்லு."

திங்கட்கிழமை காலையில் கடைக்குள் நுழையுமுன் சேச்சியைத் தேடிப்போய்க் கையெழுத்துப் போட்டேன். புதன்கிழமை லேபர் ஆபீசர் வந்து, மேனேஜரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எங்களை விசாரித்தார். மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார். இந்தப் பூச்சி வாய் திறக்காது என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. வேலை போனால் வீட்டு வாடகைக்கு வழியில்லை.

"ஞான் கண்டதாணு சாரே. அவள் உறங்கியில்லா" என்றேன். மலையாளம் அன்று எனக்குத் தடுமாறாமல் வந்தது. "இங்கே இரிக்கான் ஒரு ஸ்டூல்கூட இல்லா."

எனக்குப் பின்னால் ஒரு குரல், "ஞானும் கண்டு." பிறகு இன்னொன்று. கடைசியில் பில் போடுகிறவர்வரை சொல்லிவிட்டார். மேனேஜர் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

ஆபீசர் போட்ட உத்தரவில் அடுத்த வாரம் கரமனைப் பெண் வேலைக்குத் திரும்பினாள். அவளுக்கு முன்பே கவுன்டருக்கு ஒன்றாக ஸ்டூல்கள் வந்து காத்திருந்தன. முதலில் அவளைத்தான் உட்காரவைத்தோம். எல்லோரும் கைதட்டினோம், சேலை வாங்க வந்தவர்களும் சேர்ந்து தட்டினார்கள்.

இப்போது நான் சபைக்கும் போகிறேன், யூனியன் கூட்டத்துக்கும் போகிறேன். பக்கத்தில் நிற்கிறவளுக்கு உட்கார இடம் கேட்காத பக்தி ஆண்டவருக்கே வேண்டாம் என்று அன்று புரிந்தது, அதிலிருந்து யார் முன்னாலும் எனக்குப் பயமில்லை.