மூன்று ஃபிளாட்டும் மூன்று கிழமையும்

பியானோ வகுப்பில் மேஜர் ஸ்கேல் சொல்லிக்கொடுப்பது தொண்டைத்தண்ணீர் வற்றுகிற தொழில். முழு, முழு, அரை, முழு, முழு, முழு, அரை என்று சுரங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது சொல்லியாக வேண்டும், அதுவும் கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் மருந்துக்கடை மேல்மாடியில், பஸ் ஹோர்ன் சத்தத்தோடு போட்டி போட்டு. எதையாவது யாருக்காவது சொல்லிக்கொடுத்து அலுத்தவர்களுக்கு என் நிலைமை விளங்கும்.

சி மேஜர் செல்வராஜ்

செல்வராஜுக்கு நாற்பத்தைந்து வயது. மலைமேல் ஒரு ஹோட்டலில் பதினேழு வருஷமாக மாலை நேரத்தில் கீபோர்ட் வாசிப்பவர். முதல் நாள் ஒரு பாட்டு வாசித்தார்; எனக்கே பொறாமையாக இருந்தது. பிறகுதான் கவனித்தேன், கறுப்புக் கட்டைப் பக்கம் விரல் போகவே இல்லை. யார் எந்தச் சுருதி கேட்டாலும் கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திவிட்டு, அதே வெள்ளைக் கட்டைகளில் சி மேஜரே வாசிப்பாராம். சுருதியை மாற்றுவது பட்டனின் பொறுப்பு.

இப்போது புது மேனேஜர் கீபோர்டை எடுத்துவிட்டு, ஏதோ ஒரு பழைய பங்களாவிலிருந்து நிஜப் பியானோ வாங்கிப் போட்டிருந்தார். மூன்று கிழமையில், இருபத்தொரே நாளில், அதில் வாசித்துக் காட்டாவிட்டால் கொழும்பிலிருந்து வேறு ஆள் வந்துவிடுவார், செல்வராஜுக்கு வேலை இல்லை. அவர் முகம் இருண்டு போயிருந்தது.

"டீச்சர், அந்தப் பியானோவ சுத்திச் சுத்திப் பார்த்துட்டேன், பட்டனே இல்ல."

பாங்க் ஐயா

சனிக்கிழமை வகுப்பில் அவருக்குப் பக்கத்துக் கதிரை கனகசபை ஐயாவுடையது. யாழ்ப்பாணத்துக்காரர்; பாங்க் வேலையில் ஓய்வு பெற்று, பேராதனையில் மகள் வீட்டிலிருந்து தியரி படிக்க வருகிறார். எந்த மேஜருக்கு எத்தனை ஷார்ப், எத்தனை ஃபிளாட், அதாவது எத்தனை சுரம் அரை ஏறும், எத்தனை அரை இறங்கும் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். ஜி மேஜரில் எஃப் ஏன் ஷார்ப் ஆகிறது என்று நான் செல்வராஜுக்கு மூன்றாம் தடவை விளக்கியபோது ஐயாவுக்குப் பொறுக்கவில்லை. எல்லா மேஜரையும் மூச்சு விடாமல் ஒப்பித்தார்.

செல்வராஜ் மரியாதையாகக் கேட்டு முடித்து, "அதுல ஒன்ன வாசிச்சுக் காட்டுங்கய்யா" என்றார். ஐயா ஒற்றை விரலால் ஆரம்பித்து நாலாவது சுரத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஓம் தம்பி, எனக்கு எல்லாம் தெரியும், விரலுக்குத்தான் ஒண்டும் தெரியாது."

ஸ்டிக்கர் பொட்டு

இரண்டு கிழமை போயும் செல்வராஜ் ஜி மேஜரைத் தாண்டவில்லை. அலுத்துப்போய் நான் ஒரு குறுக்குவழி பிடித்தேன். ஹோட்டலில் அவரோடு வாசிக்கும் சாக்ஸபோன்காரருக்கு இ ஃபிளாட் மேஜர் ஒன்றுதான் வரும். அப்படியானால் அதை மட்டும் மனப்பாடம் செய்தால் போதாதா? மூன்றே ஃபிளாட். ஏன், எதற்கு என்றெல்லாம் விளக்குவதை விட்டுவிட்டேன்.

மறுநாள் செல்வராஜ் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டுகளைக் கொண்டுவந்து என் பியானோவில் அந்தந்தக் கறுப்புக் கட்டைகளுக்கு ஒட்டினார். பிறகு கை பறந்தது.

"டீச்சர், பொட்டு வச்சதெல்லாம் நம்மாளு, மத்த கறுப்பெல்லாம் வேத்தாளு."

இறங்கிப்போன பியானோ

வாசித்துக் காட்டும் நாளில் நானும் கூடப் போனேன். மேனேஜர் வர அரை மணி நேரம் இருந்தது. சாக்ஸபோன்காரர் ஊத, செல்வராஜ் இ ஃபிளாட் வாசிக்க, பல் கூசியது. பியானோ முழுக்க அரைச்சுரம் இறங்கியிருந்தது. அந்தப் பியானோவை ட்யூன் செய்தவருக்கு டெலிபோன் கோல் எடுத்தேன். பழைய கம்பி, முறுக்கினால் அறுந்துவிடும், அதனால் அப்படியே விட்டேன் என்றார். சாக்ஸபோனோடு சேர வேண்டுமென்றால் செல்வராஜ் அரைச்சுரம் ஏற்றி, இ மேஜரில் வாசிக்க வேண்டும். மூன்று ஃபிளாட் போய் நாலு ஷார்ப்.

எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது. அவசரத்துக்கு ஒரு ஸ்கேலை ஊட்டிவிட்டு, ஒரு மனிதனின் பிழைப்பைக் கெடுத்துவிட்டேன். செல்வராஜ் பியானோவை நெருங்கி உட்கார்ந்தார். இ கட்டையில் விரலை வைத்து, "முழு... முழு... அரை..." என்று முணுமுணுத்தார். எஃப் பிழை என்று அவர் காதே சொன்னது. எஃப் ஷார்ப்புக்கு நகர்ந்தார். பிறகு ஜி ஷார்ப், ஏ, பி. ஒவ்வொன்றாய் மேலே போய்ச் சேர்ந்தார். இருபது நிமிஷத்தில் பாட்டே வந்துவிட்டது. அழுகை வந்தது எனக்கு. அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"கணக்கு இவ்வளவுதானா? இத மொதல் நாளே சொல்லிருக்கலாமே டீச்சர்."

மேனேஜரின் தீர்ப்பு

மேனேஜர் கண்டி டவுனைச் சேர்ந்த முஸ்லிம். நான் செல்வராஜின் டீச்சர் என்று தெரிந்துகொண்டு, ஒரு பிளேன்டீயோடு உட்கார்ந்து நாலு பாட்டுக் கேட்டார். ஒரு இடத்தில் மட்டும் செல்வராஜின் விரல் வழுக்கியது. நான் கைப்பையின் வாரைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். கொழும்பு ஆளுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவதாக மேனேஜர் எழுந்து வந்து சொன்னார். செல்வராஜ் கதிரையிலேயே தளர்ந்து சாய்ந்தார். மேனேஜர் இரண்டடி போனவர், ஒரு சந்தேகம் கேட்கத் திரும்பி வந்தார்.

"முந்தி வாசிச்ச மாதிரியேதானே ஈக்குது, அப்ப எனத்துக்கு மூணு கிழமையா கிளாஸுக்குப் போன நீங்க?"

மூன்று கிழமை தொண்டை கிழியக் கத்தியும் யார் காதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்றால், எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் வெற்றி.