பசுக்கள் துள்ளிய காலை

மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். “நாறுதம்மா, கார்க் கண்ணாடியை ஏத்துங்கோ.”

வெளியே மாட்டுத் தீனிக்காகப் புளிக்கவைத்த புல்லின் வாசம். எனக்குச் சட்டென்று ஏழு வயதாகிவிட்டது.

எண்பத்து நாலின் கடைசியில், இலங்கையிலிருந்து அகதிகளாய் வந்த எங்களை அரசாங்கத்தார் வட ஜெர்மனியின் சதுப்பு நிலத்தில், ஹில்டா அன்ரியின் பண்ணை வீட்டு மாடியில் குடிவைத்தார்கள். அன்ரியின் பூட்டனார் வாய்க்கால் வெட்டிச் சேற்றை மேய்ச்சல் நிலமாக்கியவர். அப்பாவின் தகப்பனும் வன்னியில் காடு வெட்டி மாட்டுப்பட்டி வைத்தவர்தான். ஆனால் வந்த நாளிலிருந்து அப்பா வாய் திறப்பதே அரிது. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது. பனிக்காலம் முழுக்க மாடுகள் கொட்டிலுக்குள், நாங்கள் அறைக்குள்.

சித்திரையில் ஒரு காலை அன்ரி கொட்டில் கதவைத் திறந்தார். மடி கனத்த பெரிய பசுக்கள் பாய்ந்து வந்தன. நாலு காலும் நிலத்தை விட்டெழும்ப, கன்றுகள் போலத் துள்ளின. என் காலடியில் மண் அதிர்ந்தது.

“ஐயோ, மாட்டுக்கு விசர் பிடிச்சிட்டுது! பிள்ளையைத் தூக்குங்கோ!” என்று அம்மா கத்தினார். வருசம் முழுக்க மாடு வெளியில் திரிகிற ஊர்க்காரருக்கு வேறென்ன தோன்றும்? அப்பா கயிற்றோடு ஓடினார். அன்ரி அவரை மறித்து, சிரித்தபடி ஏதோ சொன்னார்.

பள்ளிக்கூடத்தில் பொறுக்கிய டொச் மொழியை வைத்து நான் சொன்னேன்: “அப்பா, அதுகளுக்குச் சந்தோசமாம். ஒவ்வொரு வருசமும் இப்பிடித்தானாம்.”

அப்பா கயிற்றைக் கீழே போட்டார். “அரை வருசம் அடைச்சு வைச்சும் மறக்கேல்லை, பாரப்பா,” என்றார் அம்மாவிடம். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஈரப் புல்லில், அந்தப் பசுக்களுக்கு நடுவே, ஒரேயொரு தடவை துள்ளினார்.

“அம்மா, கண்ணாடி!”

“ஏலாது,” என்று கண்ணாடியை இன்னும் இறக்கிவிட்டு, காரை ஓரங்கட்டினேன்.