மாமாவின் கடைசிப் பிடி

அம்மையின் தம்பி கபடி ஆடியே வடநாடு போனவர். பெரிய அணி ஒன்று அவரை ஏலத்தில் எடுத்தபோது கொட்டாரம் முக்கில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அவர் ஆட்டம் வரும் நாளில் தெருவே எங்கள் வீட்டு டிவி முன்னால் கூடும். பாடி வருபவனின் இடுப்பை வளைத்து மாமா தூக்கும்போது அம்மை மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பொறாமை என்று நினைத்தேன்.

ஒருமுறை எதிராளியின் கால்முட்டு மாமாவின் நெற்றிப்பொட்டில் இடித்தது. முகத்தில் தண்ணீர் தெளித்து மறுபடி இறக்கினார்கள். அடுத்த வாரமும் அதே இடத்தில் அடி. மறு வருஷ ஏலத்தில் அவரை யாரும் கேட்கவில்லை. ஊருக்கு வந்தவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தே கிடந்தார். வெளிச்சம் பட்டால் தலை வெடிக்கிறது என்பார். இனி தலையில் லேசாக ஒரு தட்டுகூடப் படக்கூடாது என்று நாகர்கோவில் டாக்டர் சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது. நான் நாலாம் வகுப்பு. எனக்குத் தெரிந்த நோய் காய்ச்சல் ஒன்றுதான்.

கோயில் கொடைத் திருவிழாவுக்கு நடந்த கபடியில் எங்கள் ஊர் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. அணிப் பையன்கள் மாமாவைத் தேடி வந்தார்கள்.

"அண்ணே, சும்மா வந்து நின்னாப் போரும்."

அம்மை வாசலை மறித்தாள். "அவன் வரமாட்டான். போங்கலே."

மாமா ஜெர்சியை மாட்டிக்கொண்டு வந்து அவளை மெதுவாக விலக்கினார். "எக்கா, இதுவும் இல்லேன்னா நான் பின்னே என்னத்துக்கு?"

ஆட்டத்தின் கடைசியில் ஒரு தடியன் பாடி வந்தான். மாமா பாய்ந்து அவன் தொடையைக் கட்டிப்பிடித்தார். இருவரும் மண்ணில் உருண்டார்கள். விசில், வெடி, கூச்சல். அந்தப் பிடியோடு நாங்கள் ஜெயித்தோம். நடுவருக்கு வணக்கம் சொல்ல இரண்டு அணியும் வரிசையாக நின்றபோது, மாமா நடுக்கோட்டைத் தாண்டிப் போய்த் தோற்றவர்களோடு நின்றுகொண்டார்.

"ஆறுதல் சொல்ல அண்ணன் போயிருக்காரு!" என்றது மைக். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அம்மை மட்டும் களத்துக்குள் இறங்கி, அத்தனை பேர் பார்க்க அவர் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

மாமா என்னிடம் குனிந்தார். "மக்கா, ஜெயிச்சது யாரு?"

"நாமதான் மாமா! நீங்கதான பிடிச்சீங்க!"

அவர் முகம் மலர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டார். நானும் மறுபடி சொன்னேன். வீடு சேரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சந்தோஷப்பட்டார். வெற்றி என்றால் இப்படித்தான், கேட்கக் கேட்கத் தீராது என்று நினைத்துக்கொண்டேன். அம்மை ஏன் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வருகிறாள் என்பதுதான் விளங்கவில்லை.