டெலிட் அக்கா

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு டெலிட் அக்கா என்று பெயர். தெரியாத எண்ணிலிருந்து எந்த மெசேஜ் வந்தாலும், "தொடாதே, அழி, பிளாக் பண்ணு" என்று உயிரை எடுப்பாள். அம்மா, தங்கை, தங்கை வீட்டுக்காரர், அடுத்த நாற்காலியில் இருக்கும் நான், யாரையும் விட்டதில்லை. இத்தனைக்கும் எங்கள் வேலையே தெரியாதவர்களுக்கு மெசேஜ் அனுப்புவதுதான். அதைச் சொல்லிச் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்.

பால்வினை நோய்களுக்கு ஆன்லைனில் சோதனை செய்யும் இடம் எங்களுடையது. அக்கா வீட்டில் 'கம்ப்யூட்டர் கம்பெனி' என்று மட்டும் சொல்லிவைத்திருந்தாள். கேட்டவர் வீட்டுக்கு, மேலே எதுவும் எழுதாத ஒரு பெட்டி போகும். விரலில் குத்தி, சின்னக் குழாயில் ரத்தம் பிடித்துத் தபாலில் அனுப்ப வேண்டும். நோய் இருந்தால் சாட்டில் சொல்லி, ஊசி போடும் கிளினிக்குக்கு நாள் குறித்துக் கொடுப்போம். துணையிடம் சொல்ல வாய் வராதவர்கள் எண்ணை மட்டும் கொடுத்தால் போதும். யார் சொன்னது என்று காட்டாமல் நாங்களே மெசேஜ் அனுப்புவோம். ஆள் யாரென்று தெரிந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. ஒருமுறை இங்கே ஒருத்தி உளறப்போய், ஒரு பெண் அடி வாங்கி வீட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. புதிதாக வருபவர்களிடம் அந்தக் கதையைச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறவளே டெலிட் அக்காதான்.

அன்று மதியம் அவள் சாட்டில் வந்தவனுக்கு சிபிலிஸ். ஊசிக்கு நாள் குறித்தாகிவிட்டது. "என் மனைவிக்கு அஞ்சு மாசம். என்னால சொல்ல முடியல, நீங்களே சொல்லிடுங்க" என்று எழுதி எண்ணைப் போட்டான். அக்கா அதைப் பார்த்து அடித்துக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள். மீதியைத் திரையைப் பார்க்காமலே அடித்தாள். அது அவள் தங்கையின் எண்.

"அனுப்பிடுக்கா. இப்ப ஊசி போட்டாக்கூட குழந்தைய காப்பாத்திடலாம்," என்றேன். அவளுக்கா தெரியாது? அனுப்பினாள். எனக்கு அந்த ஆளை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு மணி நேரத்தில் தங்கையே கூப்பிட்டாள். அக்கா ஃபோனை மேசையில் வைத்து ஸ்பீக்கரை அமுக்கினாள்.

"அக்கா, உன் தங்கச்சி எவ்ளோ உஷார் தெரியுமா? ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க, லிங்க்க அமுக்குங்கன்னு ஒரு மெசேஜ். அழிச்சு, பிளாக்கும் பண்ணிட்டேன்!"

"ஒருவேளை நிஜமா இருந்தா?"

"இதை நீயா பேசுற?"

"சரி, டாக்டர்கிட்ட எல்லா டெஸ்டும் இன்னொரு தடவை எடுத்துரு."

"மூணாம் மாசமே எடுத்தாச்சே, எல்லாம் நல்லா இருக்குன்னாங்க. ஏன்க்கா, இப்ப எதுக்கு?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலை குனிந்துகொண்டேன்.

தங்கை பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். "அவர்கிட்ட காட்டிட்டுத்தான் அழிச்சேன். ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு இருந்தாரு. அப்புறம், 'உங்கக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும், அழிச்சுடு'ன்னாரு."

திரையில் 'மெசேஜ் சேர்ந்தது' என்று பச்சை எழுத்தில் இருந்தது. எங்களை பிளாக் பண்ணிய எண்ணுக்கு எங்களிடமிருந்து இனி எதுவும் போகாது.

"அக்கா? லைன்ல இருக்கியா?"

அக்கா ஃபோனை வாய்க்குப் பக்கத்தில் இழுத்தாள்.

"சாப்டியா?" என்றாள்.