சிவப்பு சீல் எங்கே சார்?

போன வியாழக்கிழமை எங்கள் குவாலிட்டி மேனேஜர் பரந்தாமன், லேமினேட் செய்த ஒரு காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்து, கம்ப்யூட்டர் ஸ்கிரீனுக்கு நேராகத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாரு… நல்லா பாரு. சீல் கீதா, இல்லியா?"

கேள்வி என்னிடம் இல்லை. ஸ்கிரீனிடம்! சுற்றி நின்ற யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் யாரும் இல்லை.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரகடத்தில், கார்களுக்கு ரப்பர் ஹோஸ் செய்கிற கம்பெனியில் வேலை பார்ப்பது வாராவாரம் வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். எங்கள் ஐ.டி. டிபார்ட்மென்ட் என்றால் நானும் ஸ்டெல்லாவும்தான். நான் சீனியர். அதாவது, வேலை செய்வது ஸ்டெல்லா. அட்டைப்பெட்டிகளில் ஒட்டுகிற லேபிள்களை அச்சடிக்கும் புரோகிராம் முழுக்க அவர் எழுதியது.

இப்போது புரோகிராம் எழுத உதவிக்கு ஒரு ஏ.ஐ. வந்திருக்கிறது. கெட்டிக்கார ஆசாமி. ஆனால் தினமும் காலையில், அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்த மாதிரி வந்து நிற்கும். 'பார்ட் நம்பர் பதினொரு எழுத்து… பிரிண்டர் பகுதியில் கை வைக்காதே… எதை மாற்றினாலும் முதலில் என்னிடம் காட்டு…' – இதையே எத்தனை தடவை சொல்வது? ஸ்டெல்லா எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் எழுதி, பெயர் வைத்து, ஒரு ஃபோல்டரில் போட்டுவிட்டார். ஒரு சாய்கோடு போட்டு 'லேபிள்' என்று தட்டினால் போதும், மொத்த அறிவுரையும் அதற்குப் போய்ச் சேர்ந்துவிடும். இப்படி ஏழு கட்டளைகள். அதற்கப்புறம் அவர் சாயங்காலம் ஐந்தரை மணி பஸ்ஸைத் தவறவிட்டதே இல்லை.

ஒருநாள் அந்த ஃபோல்டர் பரந்தாமன் கண்ணில் பட்டுவிட்டது.

"இன்னாம்மா இது? ஒர்க் இன்ஸ்ட்ரக்‌ஷன் மாதிரி கீது. டாகுமென்ட் நம்பர் எங்க?"

"சார், இது மெஷினுக்குச் சொல்றது சார். மனுசங்களுக்கு இல்ல."

"யாருக்குச் சொன்னா இன்னா? நம்பர் இல்லாத இன்ஸ்ட்ரக்‌ஷன் இந்த காம்பவுண்டுக்குள்ளயே இருக்கக் கூடாது. அடுத்த வாரம் கஸ்டமர் ஆடிட். அவங்க பாத்தாங்க… என்.சி.தான்!"

என்.சி. என்றால், ஆடிட்டர் தப்பு கண்டுபிடித்து எழுதித் தருகிற காகிதம். எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் போலீஸ் சம்மனுக்குக்கூட இவ்வளவு பயப்பட மாட்டார்கள். அது வந்துவிட்டால், சரிசெய்து முடிக்கும்வரை சம்பந்தப்பட்ட யாருக்கும் லீவு கிடையாது. ஆடிட் வியாழக்கிழமை. சனிக்கிழமை ஸ்டெல்லாவின் ஒரே தம்பிக்கு இருங்காட்டுக்கோட்டையில் கல்யாணம்.

"தம்பி கல்யாணத்துல அக்கா இல்லன்னா எங்கம்மா என்னை வூட்லயே சேக்க மாட்டாங்க சார்" என்று என்னிடம் கண்கலங்கினார்.

எனக்கும் மனசு கஷ்டமாகிவிட்டது. "நான் இருக்கேன்ல" என்றேன். எதற்கு இருக்கிறேன் என்று சொல்லவில்லை.

ஏழு கட்டளைகளுக்கும் நம்பர் போட்டோம். மேலே கம்பெனி பெயர், திருத்த எண். கீழே மூன்று கையெழுத்து – தயாரித்தவர் ஸ்டெல்லா, சரிபார்த்தவர் நான், அங்கீகரித்தவர் பரந்தாமன். சிவப்பு சீல் குத்தி, லேமினேட் செய்து, சுவரில் மாட்டினோம்.

அதோடு விட்டாரா? "மெஷினை ஓட்டற ஆபரேட்டர் யாரு? ஸ்கில் சார்ட்ல பேரு வேணுமே" என்றார். யாருக்கு என்ன வேலை தெரியும் என்று சுவரில் ஒட்டுகிற அந்த சார்ட்டில் ஏ.ஐ.யின் பெயரும் ஏறியது. போட்டோ இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ரோபோ பொம்மை. ரத்த வகை, சேஃப்டி ஷூ சைஸ் இரண்டுக்கும் நேராகக் கோடு.

ஆடிட்டுக்கு முதல் நாள் சாயங்காலம் இன்னொரு உத்தரவு. "செவுத்துல இருக்கறதும் ஃபைல்ல இருக்கறதும் ஒரு எழுத்துகூட மாறக் கூடாது!" ஸ்டெல்லா தலைப்பு, அடிக்குறிப்பு என்று எல்லாவற்றையும் அப்படியே ஏழு ஃபைல்களிலும் ஒட்டினார். "சார், அவசரத்துல ஒட்டினேன். ஒருக்கா படிச்சுப் பாத்துடுங்க" என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். நான் ஒரு கையில் டீயும் மறு கையில் பேனாவுமாக ஏழின் பிரிண்ட் அவுட்டிலும் கையெழுத்துப் போட்டேன்.

வியாழக்கிழமை வந்தது. ஆடிட்டர், கோயம்புத்தூர்க்கார அம்மா. சாந்தமான முகம். அந்த முகத்தைப் பார்த்தே பரந்தாமனுக்கு வியர்த்தது.

"ஒரு லேபிளை மாத்திக் காட்டுங்க, பாக்கலாம்."

ஸ்டெல்லா சாய்கோடு போட்டு 'லேபிள்' என்று தட்டினார். ஏ.ஐ. ஒரு நொடி யோசித்தது. பிறகு மிகுந்த மரியாதையோடு இப்படி எழுதியது:

'சிவப்பு சீல் இல்லாத நகலை வைத்து எந்த வேலையும் செய்யக் கூடாது என்று இந்த ஆவணத்தின் அடியில் உள்ளது. என்னிடம் உள்ள நகலில் சீல் தெரியவில்லை. வேலையை நிறுத்திவிட்டேன்.'

எங்கள் கம்பெனியின் எல்லாக் காகிதங்களிலும், அடியில், பொடி எழுத்தில் இருக்கிற வரி அது! எத்தனையோ வருஷமாக இருக்கிறது. யார் கண்டார்கள்?

பரந்தாமன் சுவரிலிருந்து காகிதத்தைப் பிடுங்கி ஸ்கிரீனுக்குக் காட்டியது இப்போதுதான். ஸ்கிரீனுக்குக் கண் இல்லை என்பதை அவருக்கு யார் சொல்வது? கடைசியில் ஸ்டெல்லாதான் அந்தக் காகிதத்தை போனில் படம் பிடித்து ஏ.ஐ.க்கு அனுப்பினார்.

'நன்றி. சீல் தெரிகிறது. தொடங்குகிறேன்.' லேபிள் மாறிவிட்டது.

ஆடிட்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தன வருசமா ஆடிட் பண்றனுங்க. அடியில இருக்கற அந்த வரியப் படிச்ச ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன். நீங்க படிச்சீங்களா?"

பரந்தாமன் என்னைப் பார்த்தார். நான் யு.பி.எஸ்.ஸைப் பார்த்தேன்.

என்.சி. வந்தேவிட்டது. 'சரிபார்த்தவரும் அங்கீகரித்தவரும் வாசிக்காமல் கையெழுத்திட்டுள்ளனர். இருவருக்கும் பயிற்சி கொடுத்து, பரீட்சை வைத்து, சனிக்கிழமை மாலைக்குள் ரிக்கார்ட் அனுப்பவும்.'

"ஸ்டெல்லா… எழுதினது நீதானே, நீதாம்மா பாடம் எடுக்கணும். நாளைக்கு எனக்கு மீட்டிங் கீது, சனிக்கெழம மதியம் வரைக்கும் வந்துட்டுப் போயிடேன்" என்று பரந்தாமன் இழுத்தார்.

ஸ்டெல்லா எழுந்து நின்றுவிட்டார். "வர மாட்டேன் சார்! படிக்காம கையெழுத்துப் போட்டது நீங்க ரெண்டு பேரு. என் தம்பி இன்னா பண்ணான்?"

சொல்லிவிட்டு, அவர் உட்கார்ந்து, அரைமணி நேரத்தில் எட்டாவதாக ஒரு கட்டளை எழுதினார். பெயர் 'படி'. அதைத் தட்டினால் ஏ.ஐ. ஒவ்வொரு ஆவணமாகக் காட்டும். கேள்வி கேட்கும். பதில் தப்பானால் மறுபடி முதலிலிருந்து.

பரந்தாமன் தயக்கத்தோடு ஆடிட்டரைப் பார்த்தார். "பாடம் எடுக்கறது மனுசராத்தான் இருக்கோணும்னு உங்க டாகுமென்ட்ல எங்கயும் இல்லீங்களே" என்றார் அந்த அம்மா. அவர் எட்டாவது கட்டளையைக் கடைசி வரி வரை படித்திருந்தார்.

சனிக்கிழமை காலை நானும் பரந்தாமனும் ஸ்கிரீன் முன்னால் கைகட்டி உட்கார்ந்தோம். பதினோரு மணிக்கு ஸ்டெல்லாவிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. பட்டுப்புடவையில், தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நிற்கிறார். பார்த்ததும் அப்பாடா என்றிருந்தது.

பரந்தாமன் முதல் தடவையிலேயே பாஸ். எனக்கு மூன்று தடவை ஆனது. என்னைக் கவிழ்த்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: 'இந்த ஆவணத்தைச் சரிபார்த்தவர் யார்?'

'ஸ்டெல்லா' என்று தட்டினேன். 'தவறு' என்றது.

அது இருக்கட்டும்… நீங்கள் இந்தக் கடைசி வரி வரை வாசித்துவிட்டீர்களா? அப்படியென்றால், எங்கள் கம்பெனியில் சரிபார்க்க ஒரு ஆள் தேவை – வருகிறீர்களா?