வயிற்றில் பை, மடியில் மருமகள்

பண்ருட்டி சாலையில் என் பைக்கும் பலாப்பழம் ஏற்றிவந்த ஒரு மினி லாரியும் மோதிக்கொண்டன. பழங்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. எனக்குத்தான் குடல் கிழிந்துவிட்டது. சிதம்பரத்தில் அவசரமாக ஆபரேஷன் செய்து, குடலின் ஒரு முனையை வயிற்றின் இடது பக்கம் வெளியே எடுத்து வைத்தார்கள். அதன்மேல் ஒரு பை ஒட்டியிருக்கும். பின்பக்கம் போக வேண்டியதெல்லாம் சில மாதங்களுக்கு முன்பக்கம் அந்தப் பையில் வந்து விழும். பத்தாவதையே முடிக்காத என் மண்டையில் இது ஏறக் கொஞ்சம் நாளானது.

ஏற்றியவர் ஒரு சிஸ்டர். பை வைத்தவர்களைக் கவனிப்பதற்கென்றே தனியாகப் படித்த நர்ஸ். மற்ற சிஸ்டர்கள் வார்டில் ஓடிக்கொண்டிருப்பார்கள். இவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரே வயிற்றை அரைமணி நேரம் பார்ப்பார். பை விஷயமென்றால் டாக்டர்களே, "சிஸ்டரக் கேளுங்க" என்று நழுவிவிடுவார்கள்.

"எனக்கு மட்டும் ஹேண்ட்பேக் மாட்டி வுட்டுட்டீங்களே சிஸ்டர், பொண்ணுங்க பாத்தா பொறாமப்படும்."

"மொதல்ல அத நீயே கழட்டி மாட்டக் கத்துக்க. பொண்ணு அப்பறம் பாக்கலாம்."

கற்றுக்கொண்டு கடலூருக்குத் திரும்பினேன். கொஞ்ச நாளில் அக்கா மகளுக்குத் திருவந்திபுரத்தில் மொட்டையும் காதுகுத்தும் வைத்தார்கள். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் இரண்டையும் செய்வார்கள். அக்காவுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான். அக்கா புருஷன் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

"மச்சான், கொழந்த ஒதைக்கும்டா. அத்தினி ஜனத்துக்கு முன்னாடி பை கிய் பிச்சிக்கினா? உன் சித்தப்பா பையன உக்கார வெச்சிடலாமா?"

"அவன் மடியில உக்காந்தா கொழந்தைக்கு அவன் மூஞ்சி ஒட்டிக்கும் மாமா. பரவால்லியா?"

வாய்தான் கிண்டல் பேசியது. வயிற்றைவிட மனசு அதிகமாக எரிந்தது. அந்த மடி என்னுடையது. அதை இன்னொருவனுக்கு விடுவதாக இல்லை. ஆனால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. முந்தின வாரம் வீட்டில் வேட்டி கட்டிப் பார்த்தபோது பை ஒழுகித் தொலைத்திருந்தது. பைதான் மட்டம் என்று அதைச் செய்தவனைத் திட்டிக்கொண்டே மறுநாள் சிதம்பரம் பஸ் ஏறினேன்.

பை ஒழுகினதையும் கோயில் காதுகுத்தையும் சொன்னேன். சிஸ்டர் பையைப் பார்க்கவே இல்லை. "வேட்டியக் கட்டிக் காமி" என்றார்.

வழக்கம்போல இறுக்கிக் கட்டி, மடித்துச் செருகினேன். செருகல் சரியாகப் பையின் தலையில் உட்கார்ந்தது.

"இதாண்டா உன் வியாதி. ஆபரேஷனுக்கு முன்னாடியே ஆம்பளைங்கள வேட்டி கட்டச் சொல்லி, உக்கார வெச்சிப் பாத்துதான் எங்க பை வரணும்னு குறி போடுவேன். உன்ன ரத்தத்தோட தூக்கினு வந்தாங்க, அதுக்கு நேரமில்ல. மேல இறுக்குனா கீழ எறங்காம ஓரமா ஒழுகத்தான் செய்யும்."

வேட்டியைத் தொப்புளுக்கு மேலே ஏற்றி, செருகலை வலது பக்கம் தள்ளிவிட்டார். பையைத் தாங்க அகலமான பெல்ட் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே இடுப்பைச் சுற்றி ஒரு துண்டு.

"கோயில்ல ஆம்பளைங்க இடுப்புல துண்டு கட்டிக்கறதுதான? உன்னத் தனியா யாரு பாக்கப் போறா?"

"ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போறவங்களுக்கு எங்க கோயில் மரியாதயெல்லாம் எப்பிடித் தெரியும்?"

"நானும் கடலூர்க்காரிதாண்டா. பேசாம உக்காரு."

வார்டுத் தலையணை ஒன்றை என் வலது தொடையில் வைத்தார். இடது கையைப் பைக்கு முன்னால் சுவர் மாதிரி நிறுத்தச் சொன்னார். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் தலையணையாலேயே ஒரு குத்து விட்டார்.

"கை நவுந்துடுச்சி. மறுபடி."

பக்கத்துக் கட்டில் பெரியவர், "தாலாட்டு பாடு தம்பி, தலகாணி அழுவுது பாரு" என்றார். வார்டே சிரித்தது. என் கை அசையாமல் நிற்கும்வரை சிஸ்டர் குத்துவதை நிறுத்தவில்லை.

"அன்னிக்கிக் காலையில புதுப் பை மாட்டிக்க. அதுக்கு மொத நாளு பலாச்சொள, மொச்ச, சோடா எதையும் தொடாத. காத்து ஏறிப் பை உப்பிடும்."

திருவந்திபுரத்தில் மொட்டை போடும்வரை மருமகள் ஒரு பிஸ்கட்டில் அடங்கியிருந்தாள். காது குத்த ஆசாரி ஊசியோடு வந்ததும்தான் அவளுக்கு விஷயம் புரிந்தது.

"தாய்மாமன்காரரே, கொழந்தைய நடு மடியில வைங்க."

"வலது தொடதான் ராசி ஆசாரி. நீங்க சுத்தி வாங்க."

முணுமுணுத்துக்கொண்டே சுற்றி வந்தார். ஊசி இறங்கியதும் அவள் போட்ட கத்தல் கெடிலம் ஆற்றுக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும். குதிகாலால் உதைத்தாள், முழங்கை வாங்கிக்கொண்டது. இரண்டாவது காதுக்கு இரண்டு காலாலும் உதைத்தாள். சுவர் அசையவில்லை.

குலவை கேட்ட நேரத்தில் மடியில் சூடாக ஏதோ பரவியது.

அக்கா முகம் வெளுத்துவிட்டது. மாமா ஓடிவந்து துண்டை விரித்து என்னை மறைக்கப் பார்த்தார். பெல்ட்டுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். பை ஒட்டின இடத்தில் ஒட்டினபடி, காய்ந்து கிடந்தது.

"என் பை இல்லக்கா, உன் பொண்ணு!"

ஆசாரிதான் முதலில் சிரித்தார். அப்புறம் மொத்தக் கூட்டமும். அக்கா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"எழுந்து வேற வேட்டி கட்டிக்க மச்சான்" என்றார் மாமா.

நான் எழுந்திருக்கவில்லை. ஈரத்தோடு மருமகளை இன்னும் நன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, போட்டோக்காரரை இன்னொன்று எடுக்கச் சொன்னேன்.