நாபவேசியின் மூடிய கை

எங்கள் பக்கத்தில் இரட்டைப் பிள்ளை பெற்றவளுக்கு அதன்பிறகு சொந்தப் பெயர் கிடையாது. நாலோங்கோ, அவ்வளவுதான். இரட்டையரின் தாய் என்று பொருள். பிள்ளைகள் இருந்தாலும் போனாலும் அந்தப் பட்டம் போகாது. எல்லாம் மரியாதைதான். சந்தையில் வழிவிடுவார்கள், கறிக்கடைக்காரன்கூடக் குரலை இறக்கிப் பேசுவான். மரியாதையாலேயே ஒரு மனுஷியைக் கொல்ல முடியுமா என்று கேட்டால், மசாக்கா சாலையில் என் வீட்டுக்கு அடுத்த வீட்டைக் காட்டுவேன்.

அந்த வீட்டுக்காரியின் பெயர் நாபவேசி. அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் கிகோங்கோ. இரட்டையருக்கு முன்னால் பிறந்தவனுக்கு எங்களிடம் அதுதான் பெயர். அடுத்து வாஸ்வாவும் காட்டோவும், ஒரே அச்சு. எவன் எவன் என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. நான் சுடும் வாழைப்பழ அடையை ஒருவன் வாங்கித் தின்றுவிட்டுப் போவான். பின்னாலேயே மற்றவன் வந்து, தனக்கு இன்னும் தரவில்லை என்று நிற்பான். வந்தது இரண்டாமவன்தானா, முதல்வனேதானா என்று தெரியாமல் நானும் கொடுப்பேன்.

மழைக்கால மலேரியாவில் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் போனார்கள். நாபவேசி இரண்டு பேரையும் வாடகை மோட்டார் சைக்கிளில் மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். திரும்பி வரும்போது மடியில் துணி மட்டும் இருந்தது.

இங்கேதான் எங்கள் வழக்கம் குறுக்கே வந்தது. இரட்டையர் சாவதில்லை, அவர்கள் பறந்து போகிறார்கள். அது பேச்சுக்குச் சொல்வது இல்லை, நம்பிக்கை. அவர்களுக்காக ஒப்பாரி வைக்கக் கூடாது. 'செத்தார்கள்' என்ற சொல் தாயின் வாயில் வரவே கூடாது. வந்தால் ஊரில் மிச்சமிருக்கும் இரட்டையருக்கும், இனிப் பிறக்கப்போகிற பிள்ளைக்கும் ஆகாது. அதனால் நாபவேசி அழவில்லை. மறுநாள் காப்பித் தோட்டத்தில் களை பிடுங்கினாள். அதைப் பார்த்து ஊர் மெச்சியது. எனக்கு மெச்சத் தோன்றவில்லை.

கொஞ்ச நாளில் அவள் எழுந்திருப்பதை நிறுத்தினாள். வாழைக்காய் தோல் சீவாமல் மூலையில் கறுத்துக் கிடந்தது. சாலையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் போதும், மூச்சு முட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். புருஷன் ஏரித் தீவுக்கு மீன்பிடிக்கப் போனவன், அங்கேயே தங்கிவிட்டான். துக்கத்தை வலையில் கட்டித் தண்ணீரில் போட்டுவிடலாம் என்று நினைத்தானோ என்னவோ. நாத்தனார் நாசோலோ வந்து கிகோங்கோவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். அண்ணி எழுந்து நடமாடட்டும், மறுநாளே கொண்டுவந்து விடுகிறேன் என்றாள். பொல்லாதவள் என்று அவளைச் சொல்ல முடியாது. பிள்ளை பட்டினி கிடந்ததை அவள் கண்ணால் பார்த்துவிட்டாள்.

ஆக நாபவேசிக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. குணமாக வேண்டும், பிள்ளை திரும்பி வர வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் சுகாதார நிலையத்தில் பேச்சுக் குழு ஆரம்பித்தார்கள். மருந்து மாத்திரை இல்லை. மனசு உடைந்த பெண்கள் வாரம் ஒருமுறை பழைய காப்பிக் கிடங்கில் பாய் விரித்து உட்கார்ந்து பேசவேண்டும். நடத்தியவள் பெர்பெட்டுவா, பயிற்சி பெற்ற சின்னப் பெண், முதல் பிள்ளை வயிற்றில். நாபவேசியை இழுத்துக்கொண்டு போனது நான்தான். எனக்கும் அப்போது தூக்கம் போய், நெஞ்சு படபடத்துக்கொண்டிருந்தது.

பெர்பெட்டுவா நல்லவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் அவள்மேல் கோபப்படப் போகிறேன். உங்கள் துக்கம் எதிலிருந்து வந்தது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், பாதிப் பாரம் இறங்கும் என்பாள். கலைவதற்கு முன்னால், போன வாரம் எத்தனை நாள் மனசு கனத்தது என்று கேட்பாள், நாங்கள் விரல் விட்டுக் காட்ட வேண்டும். என்னுடையது தங்கையோடு சண்டை. அம்மாவின் சாவுக்குக்கூட நான் அவளோடு பேசவில்லை. அதைச் சொன்னேன், அழுதேன், கிடங்கே எனக்குப் புத்தி சொன்னது. தங்கை வீட்டு வாசலில் போய் நின்றேன். அவள் திட்டிக்கொண்டே சோறு போட்டாள். அதோடு எனக்குத் தூக்கம் வந்தது. இன்னொருத்தி, புருஷன் இரண்டாம் தாரம் கட்டியதைச் சொல்லித் தேறினாள். எங்கள் துக்கமெல்லாம் ஊர் அனுமதித்த துக்கம். அதற்குச் சொல் இருந்தது.

நாபவேசி மட்டும் சுற்றிச் சுற்றி வந்தாள். கூரை ஒழுகுகிறது என்பாள். ஆடு சினைப்படவில்லை என்பாள். வாரா வாரம் இரண்டு கைகளாலும் ஏழு விரல் காட்டுவாள். ஆனாலும் விடாமல் வந்தாள். குளிக்க ஆரம்பித்தாள், நல்ல நாளுக்கு உடுத்தும் நீள அங்கியான கோமேசியைப் பெட்டியிலிருந்து எடுத்து உடுத்தினாள். பெர்பெட்டுவா கையைப் பிடித்துக்கொண்டு பேசும்போது அவள் முகம் கொஞ்சம் இளகும். ஒரு வாரம் ஐந்து விரல் காட்டினாள். நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உளறிக்கொண்டு வந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த வாரம் பெர்பெட்டுவா அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"நாலோங்கோ, சுத்தி வளைக்காம ஒரே ஒரு தடவ சொல்லுங்க. உங்களுக்கு என்ன நடந்துச்சு?"

நாபவேசி வெகுநேரம் பாயின் நுனியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"எம் புள்ளைங்க செத்துட்டாங்க."

சொன்னதும் அவளிடமிருந்து ஒரு மூச்சு வந்தது. அந்த மாதிரி மூச்சைப் பிரசவம் முடிந்தவளிடம்தான் கேட்டிருக்கிறேன். அழுகை வரப்போகிறது, வரட்டும் என்று நான் காத்திருந்தேன்.

வரவில்லை. எதிரே இருந்த நாகாத்யா என்பவள், தன் மடியில் கிடந்த இரட்டைப் பெண்குழந்தைகளைக் காதில் எதுவும் விழாதபடி மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். வாசலுக்கு வெளியே போய்த் துப்பினாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர் போனார்கள். அதுகூடப் பரவாயில்லை, அறியாத ஜனம் என்று விட்டுவிடலாம். ஆனால் பெர்பெட்டுவா, சொல் சொல் என்று அத்தனை வாரம் கெஞ்சியவள், அவள் கை தானாகத் தன் வயிற்றின்மேல் போனது.

"பறந்துட்டாங்கன்னு சொல்லலாமே, நாலோங்கோ" என்றாள்.

படித்த படிப்பெல்லாம் ஒரு நொடியில் எங்கே போனதோ. அவளும் எங்கள் ஊர்த் தாய் பெற்ற பெண்தானே. சொன்ன மறுகணமே உதட்டைக் கடித்துக்கொண்டாள், மன்னிப்புக்கூடக் கேட்டாள். கேட்டு என்ன, சிந்திய பால் பாத்திரம் ஏறுமா.

நாபவேசி அவளுடைய வயிற்றைப் பார்த்தாள். அங்கே ஒரு பிள்ளை இருக்கிறது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தவள்போலப் பார்த்தாள். "ஆமா, பறந்துட்டாங்க" என்றாள். அன்று விரல் காட்டும் நேரத்தில் அவள் கையை நீட்டினாள். கை மூடியிருந்தது. ஒரு நாள்கூட மனசு கனக்கவில்லையாம்.

அதன்பிறகு எல்லா வாரமும் மூடிய கைதான். நேரத்துக்கு வந்தாள், கேட்டதற்குச் சிரித்தாள், பெர்பெட்டுவாவுக்கு ஒரு சீப்புப் பழம்கூடக் கொண்டுவந்து கொடுத்தாள். குழு முடிந்த அன்று சுகாதார நிலையத்திலிருந்து பெரியவர் ஒருவர் வந்து, நாலோங்கோ பூரண குணமடைந்தார் என்று கைதட்ட வைத்தார். நான் தட்டவில்லை. பெர்பெட்டுவாவும் தட்டவில்லை, தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். தெரிந்திருக்கிறது பாவிக்கு. வாயைத் திறக்க வேண்டாமா?

குணமானவளுக்குப் பிள்ளையைத் தர வேண்டுமே. ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கிடங்கில் சொன்ன சொல் கிடங்கோடு நிற்க வேண்டும் என்பது குழுவின் கட்டுப்பாடு, ஆனால் அது நாத்தனார் வீட்டை எப்போதோ எட்டிவிட்டது. நாசோலோ, நாபவேசியின் புருஷன் வீட்டுப் பெரியவர்களோடு வந்தாள். பையனை வாசலில் நிறுத்திக்கொண்டு, அண்ணி எல்லார் முன்னாலும் ஒருமுறை சரியாகச் சொல்லட்டும், அப்புறம் தடையில்லை என்றாள். பையன் வளர்ந்திருந்தான், முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. அவன் அம்மாவைப் பார்த்தான், ஓடிவரவில்லை.

நாபவேசி முட்டி போட்டு எல்லாருக்கும் முகமன் சொன்னாள். "வாஸ்வாவும் காட்டோவும் பறந்துட்டாங்க" என்றாள். பாடம் ஒப்பிக்கும் குரல். பெரியவர்களுக்குத் திருப்தி. உட்கார்ந்து வேர்க்கடலைக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார்கள், நாலோங்கோ கைமணம் மாறவில்லை என்று புகழ்ந்துவிட்டுப் போனார்கள். கிகோங்கோ தங்கிவிட்டான்.

அவர்கள் போனபின் பாத்திரம் கழுவ நான் இருந்தேன். பையனுக்குத் தட்டில் போட்டதில் பாதியை அவன் தொடவில்லை. இரண்டு பங்காகப் பிரித்து, வாழையிலைத் துண்டு போட்டு மூடி, சுவரோரம் தள்ளி வைத்தான். அத்தை வீட்டிலும் தினம் இப்படித்தானாம்.

"அம்மா, பறந்து போனவங்க எப்ப வருவாங்க? எனக்கு வழி தெரியாதுன்னு அத்த சொல்லுது. உனக்குத் தெரியுமா?"

நான் கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டேன். சொல்லடி, இவனிடமாவது சொல், நீயும் அழு, அவனும் அழட்டும், இங்கே துப்புவதற்கு யாரும் இல்லை என்று மனசுக்குள் கத்தினேன். அவள் வாய் திறந்தது. சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. அந்தச் சத்தம் தேயும்வரை அவள் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வருவாங்க. நீ சாப்பிடு" என்றாள்.

பையன் தலையாட்டிவிட்டு அந்த இரண்டு பங்கின்மேல் இலையைச் சரியாக இழுத்து மூடினான். அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கை மடியில் இருந்தது, மூடியபடியே.

"நாபவேசி" என்று அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை.